செர்வெத்தேரி கல்லறைச் சுவரில் ஒரு அகப்பை: எத்ருஸ்கர்கள் வாழ்ந்தது இப்படித்தானா?

பயணப்பை
புதன், இரவு 11.20

வணக்கம் உறவுகளே. ரோமில் ஒரு உணவகத்தின் சமையற்கட்டில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். செவ்வாய்தோறும் லீவு. கொலோசியம், வத்திக்கான் எல்லாம் பார்த்தாயிற்று. ரோமானியர்களுக்கு முந்தியவர்கள் பக்கம் இதுவரை போனதே இல்லை. நேற்றுதான் செர்வெத்தேரி போய் வந்தேன். லாதிஸ்போலி வரை ரயில், அங்கிருந்து ஊருக்குப் பஸ், ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை. இடத்தின் பெயர் பந்திதாச்சா. எத்ருஸ்கர்களின் இடுகாடு.

இடுகாடு என்றுதான் சொல்கிறார்கள், உள்ளே நுழைந்தால் அது ஒரு ஊர். தெரு இருக்கிறது. தெருக்கல்லில் வண்டிச் சக்கரம் அறுத்த தடம் இருக்கிறது. ஒரு பக்கம் ஒட்டு வீடுகள் மாதிரி வரிசையாக வாசல்கள், இன்னொரு பக்கம் புல் மூடிய பெரிய வட்ட மேடுகள். குனிந்து படியிறங்கினால் கூடம், கூடத்தை ஒட்டி அறைகள். எல்லாமே மென்மையான எரிமலைப் பாறையைக் குடைந்தது. அண்ணாந்து பார்த்தால் உத்தரமும் கைமரமும்கூடக் கல்லில் செதுக்கியிருக்கிறது. கல் கட்டில். கல் தலையணை.

கடைசியாகப் பார்த்த கல்லறையைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. புடைப்புச் சிற்பங்களின் கல்லறை என்று பெயர். செங்குத்தான படி, கீழே கண்ணாடித் தடுப்பு, அதற்குள் விளக்கு. தூண்களிலும் சுவரிலும் சுதையால் செய்து வண்ணம் பூசிய வீட்டுச் சாமான்கள்: அகப்பை, கத்திகள், இடுக்கி, சுருட்டி வைத்த கயிறு, கோடாலி, ஒரு விளையாட்டுப் பலகை. நடு மாடத்தில் இரண்டு தலையணை போட்ட கட்டில், பக்கத்தில் கால்மனை, அதன்மேல் ஒரு ஜோடி செருப்பு. ஒரு வாத்து. எல்லாம் ஆணியில் மாட்டியது போலவே செய்திருக்கிறார்கள். நான் தினமும் காலையில் போய் நிற்கும் இடத்திலும் சுவரில் அகப்பையும் கத்தியும் இப்படித்தான் தொங்கும். கண்ணாடியில் நெற்றி முட்ட நின்றுகொண்டிருந்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் தோளைத் தட்டித்தான் நகர்ந்தேன்.

என் கேள்வி இதுதான். இவர்கள் வீடு உண்மையிலேயே இப்படித்தான் இருந்ததா, அல்லது செத்தவர்களுக்காகச் செய்த ஜோடனையா? நிஜ அகப்பையைக் குழியில் போட்டிருக்கலாமே, சுதையில் செய்து ஒட்டுவானேன்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மண்சட்டி
வியாழன், காலை 6.05

நல்ல கேள்வி தம்பி. நான் அகழாய்வுக் குழிகளில் இருபது வருடம் மண் தள்ளியவன், வெளிநாட்டுக் குழி எதிலும் இறங்கியதில்லை; ஆனால் எத்ருஸ்கர் பற்றி விடாமல் படித்து வருகிறேன்.

அவர்கள் நாடு இன்றைய டஸ்கனி, உம்ப்ரியாவின் மேற்குப் பகுதி, லாசியோவின் வடக்கு. ஆர்னோ ஆற்றுக்கும் தைபர் ஆற்றுக்கும் நடுவே. நீங்கள் பார்த்த ஊருக்கு அன்று லத்தீனில் கயிரே என்று பெயர். உயிரோடிருந்தவர்கள் மண்கட்டி, மரம், வரிச்சு கொண்டு வீடு கட்டி மேலே ஓடு போட்டார்கள். இறந்தவர்களுக்குப் பாறையைக் குடைந்தார்கள். வீடு கரைந்துவிட்டது, பாறை நின்றுவிட்டது. அதனால்தான் எத்ருஸ்கர் என்றாலே சாவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த கூட்டம் என்று ஒரு பேச்சு வந்தது. அது தவறான பேச்சு. நமக்கு மிஞ்சியது அதுதான், அவ்வளவே.

கல்லறை வீட்டைப் பார்த்துச் செய்ததுதான் என்பதற்கு அழுத்தமான ஆதாரம், வீடு மாறினபோதெல்லாம் கல்லறையும் மாறியிருக்கிறது. ஆரம்பத்தில், கி.மு. 9, 8-ஆம் நூற்றாண்டுகளில், பிணத்தை எரித்தார்கள். வில்லனோவா பண்பாடு என்று அந்தக் கட்டத்தைச் சொல்வார்கள். சாம்பலை இரட்டைக் கூம்பு வடிவத் தாழியில் போட்டு, வாயைக் கிண்ணத்தால் கவிழ்த்து மூடினார்கள். சில ஆண்களின் தாழிக்குக் கிண்ணத்துக்குப் பதில் தலைக்கவசம். சிலவற்றில் தாழியே குடிசை வடிவம்: சரிந்த கூரை, வாசல், கதவு எல்லாம் உண்டு. அப்புறம் கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் கயிரேயில் குடைந்த கல்லறைகளில் கூரைவேய்ந்த குடிசையின் உட்கூரையையே கல்லில் காண்கிறோம். பந்திதாச்சாவில் 'குடிசைக் கல்லறை' என்று ஒன்று உண்டு, கவனித்தீர்களா? அதற்கும் பின்னால் ஓட்டுவீடு வந்ததும் கல்லறையில் உத்தரம், தூண், நடுக்கூடம், பல அறை என்று வந்துவிடுகிறது.

தாழியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த இரட்டைக் கூம்புத் தாழிகளுக்குப் பெரும்பாலும் ஒரு கைப்பிடிதான். இரண்டு இருந்தால் ஒன்றை வேண்டுமென்றே உடைத்திருப்பார்கள். உயிரோடிருப்பவர் இனி இதைத் தூக்கப்போவதில்லை என்று ஒரு செய்கை. எனக்கு எத்ருஸ்கரிடம் மனம் ஒட்டியது இந்த உடைந்த கைப்பிடியைப் படத்தில் பார்த்த அன்றுதான்.


சந்தேகி
வியாழன், காலை 9.40

ஐயா சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஒரு இடத்தில் நிறுத்திக் கேட்கிறேன். பயணப்பை பார்த்தது யாருடைய வீடு? அந்தக் கல்லறை மதுனா குடும்பத்தினுடையது, கட்டியவர் வெல் மதுனாஸ் என்று கல்வெட்டே சொல்கிறது. காலம் கி.மு. 4-ஆம் நூற்றாண்டு. சுற்றிலும் கேடயமும் வாளும் செதுக்க வசதி படைத்த குடும்பம். அந்த அகப்பையைக் கையில் பிடித்தவர் வெல் மதுனாஸ் அல்ல, அவர் வீட்டு அடிமை. அடிமை எங்கே புதைந்தார்? அவருக்கு எந்தப் பாறையைக் குடைந்தார்கள்?

தர்க்வீனியா என்ற இன்னொரு எத்ருஸ்க ஊரில், மொந்தெரோத்ஸி மேட்டில், சுமார் 6,000 கல்லறைகள். அதில் ஓவியம் உள்ளவை சுமார் 200. நாம் 'எத்ருஸ்கர் விருந்து, எத்ருஸ்கர் நடனம், எத்ருஸ்கர் மகிழ்ச்சி' என்று பேசுவதெல்லாம் அந்த 200-ஐ வைத்து. முப்பதில் ஒரு குடும்பத்தின் ஆல்பத்தைப் பார்த்துவிட்டு முழு ஊரின் வாழ்க்கையைச் சொல்லலாமா?


கல்வெட்டுக்காரி
வியாழன், மதியம் 1.15

சந்தேகி கேட்பது நியாயம். ஆனால் பதில் இல்லாத கேள்வி அல்ல. ஓர்வியெத்தோவைப் பார்க்க வேண்டும்.

அந்த ஊர்ப் பாறையடியில் க்ரோசிஃபிஸ்ஸோ தெல் துஃபோ என்றொரு இடுகாடு, கி.மு. 6-ஆம் நூற்றாண்டு. அங்கே பெரிய மேடு கிடையாது. நேர்கோட்டுத் தெருக்கள், இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுக் கல்லறைகள், ஒவ்வொன்றின் நிலைக்கல்லிலும் குடும்பப் பெயர். வாசகம் 'மி' என்று தொடங்கும். 'மி' என்றால் 'நான்'. கல்லறையே பேசுகிறது: நான் இன்னாருடையது. அந்தப் பெயர்களில் வெளியூர், வெளிமொழி வேர் கொண்டவையும் கலந்திருக்கின்றன. வந்து குடியேறிய குடும்பமும் உள்ளூர்க் குடும்பமும் ஒரே அளவு வாசலோடு ஒரே தெருவில். இது பிரபுக்களின் ஆல்பம் மட்டுமல்ல.

அடுத்தது இன்னும் நேரான பதில். 1863-இல் அதே ஓர்வியெத்தோவுக்குப் பக்கத்தில் கோலினி என்பவர் கண்டெடுத்த கல்லறை, கி.மு. 4-ஆம் நூற்றாண்டு. அதில் பாதிச் சுவர் விருந்து, பாதிச் சுவர் சமையற்கட்டு! அறுத்த மாடு தொங்குகிறது. மேசையில் பலகாரமும் திராட்சையும் அடுக்குகிறார்கள். ஒருவர் குனிந்து கைகளால் எதையோ அரைக்கிறார் அல்லது பிசைகிறார், பக்கத்தில் ஒருவர் இரட்டைக் குழல் ஊதுகிறார். எத்ருஸ்கர் மாவு பிசைவதுகூடக் குழலிசைக்குத்தான் என்று கிரேக்கர்கள் எழுதி வைத்தது வெறும் கதையல்ல போலிருக்கிறது. முக்கியமானது இது: வேலை செய்கிறவர்கள் தலைக்கு மேலே எழுத்து இருக்கிறது. அவர்கள் பெயர்கள். 'க்லூமியே பர்லியு' அதில் ஒன்று. எசமானர் கல்லறையில், எசமானருக்காகத்தான். ஆனாலும் பெயர் எழுதினார்கள். அந்தச் சுவரோவியங்களைப் பெயர்த்தெடுத்து இப்போது ஓர்வியெத்தோ அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். பயணப்பை, ரோமிலிருந்து ஒரு மணி நேர ரயில் பயணம்தான்.


பயணப்பை
வியாழன், இரவு 12.10

அக்கா, இப்போதுதான் வேலை முடிந்து வந்து படித்தேன். சமையல்காரர் பெயர் சுவரில் எழுதியிருக்கிறது என்ற வரியை மூன்று தரம் படித்தேன். கட்டாயம் போகிறேன்.

சாப்பாட்டில் என்னென்ன இருந்தது? மண்சட்டி ஐயா சொல்லுங்களேன்.


மண்சட்டி
வெள்ளி, காலை 5.50

தானியத்தில் ஃபாரோ என்ற பழைய கோதுமை வகை, பார்லி. பருப்பில் கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு வகை, மொச்சை வகை. பன்றி, ஆடு, மாடு. மீன். அத்தி, திராட்சை, ஒலிவம். கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் தென்கரைக்குக் கப்பல் கப்பலாக ஒயின் அனுப்பியவர்கள் இவர்கள். மூழ்கிய கப்பல்களில் எத்ருஸ்கர் சாடிகள் அடுக்கு அடுக்காகக் கிடைத்திருக்கின்றன. சமையலுக்கு மண்பானை, தூக்கிப் போகக்கூடிய மண் அடுப்பு, இறைச்சி சுட இரும்புக் கம்பி. அந்தக் கம்பிகளைக் கட்டாகக் கட்டிக் கல்லறையில் வைப்பார்கள். வெண்கலத்தில் பாலாடைக்கட்டி துருவும் துருவலும் கல்லறைகளில் கிடைக்கிறது. ஒயினில் துருவிப் போட்டுக் குடித்தார்கள் என்பது பலர் கருத்து.

பாத்திரத்தில் அவர்களுடைய தனிச்சொத்து புக்கெரோ என்ற கறுப்பு மண்பாண்டம். வெளியே மட்டுமல்ல, உடைத்துப் பார்த்தால் உள்ளேயும் கறுப்பு. சூளையில் காற்று புகாமல் அடைத்துச் சுடுவார்கள். களிமண்ணில் உள்ள சிவப்பு இரும்பு கறுப்பாக மாறும். தேய்த்து மெருகேற்றினால் உலோகம் மாதிரி பளபளக்கும். நல்ல கயிரே புக்கெரோவின் சுவர் சில மில்லிமீட்டர்தான்.


பயணப்பை
வெள்ளி, காலை 8.30

ஃபாரோ எங்கள் மெனுவில் இருக்கிறது ஐயா! குளிர்காலத்தில் மொச்சை போட்டு சூப் வைப்போம். டஸ்கனி ஆட்கள் அதைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். இரவே ஊற வைப்பது என் வேலை.


தறிவீட்டுப் பெண்
வெள்ளி, காலை 11.00

சமையல், விருந்து என்றே போகிறீர்கள். துணியை யாரும் தொடவில்லை. நான் நெசவுக் குடும்பம், அதனால் சொல்கிறேன்.

எத்ருஸ்கப் பெண்களின் கல்லறையில் கிடைப்பது நகை மட்டுமல்ல. தக்ளியின் அடிச்சில்லு, நூல் சுற்றும் கட்டை, தறியில் பாவு நூலை இழுத்துப் பிடிக்கத் தொங்கவிடும் மண் எடைகள். அவர்கள் தறி நிற்கும் தறி. மேல் கட்டையிலிருந்து பாவு தொங்கும், கீழே இந்த எடைகள்தான் இறுக்கம் கொடுக்கும். எடைக்கல்லின் கனத்தைப் பார்த்தே நூல் மெல்லிதா தடியா என்று சொல்லிவிடலாம், எங்கள் அப்பத்தா கையில் எடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

வடகிழக்கே வெரூக்கியோ என்ற ஊரில் ஈர மண் காரணமாக மரமும் துணியும் மக்காமல் கிடைத்தன. அங்கே ஒரு மரச் சிம்மாசனம், கி.மு. 700-ஐ ஒட்டியது. முதுகுப் பலகையில் பெண்கள் ஆளுயரத்துக்கும் மேலான தறியில் நெய்வதைச் செதுக்கியிருக்கிறார்கள். பொலோன்யாவில் கிடைத்த ஒரு வெண்கலக் கிலுகிலுப்பையிலும் கம்பளி ஆய்வது, நூற்பது, பாவு கட்டுவது, நெய்வது என்று வேலை முழுவதும் வரிசையாக இருக்கிறது. சிம்மாசனத்தில் ராஜா வேட்டையை எதிர்பார்ப்போம். இவர்கள் தறியைச் செதுக்கினார்கள். வீட்டின் சொத்து எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.


சந்தேகி
வெள்ளி, மாலை 4.25

பெண்கள் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. கிரேக்க வரலாற்றாசிரியர் தியோபொம்போஸ், கி.மு. 4-ஆம் நூற்றாண்டு, எத்ருஸ்கப் பெண்களைப் பற்றி எழுதியது எல்லாருக்கும் தெரியும்: அந்நிய ஆண்களோடு சேர்ந்து சாப்பிடுவார்கள், குடிப்பார்கள், பிறக்கும் குழந்தைகளுக்குத் தகப்பன் யாரென்றே தெரியாது, எல்லாரையும் பொதுவாக வளர்ப்பார்கள் என்று. இதில் எவ்வளவு உண்மை?


கல்வெட்டுக்காரி
வெள்ளி, இரவு 9.00

சேர்ந்து சாப்பிட்டார்கள் என்பது மட்டும் உண்மை, மற்றது பொல்லாங்கு. கல்வெட்டே அவரை மறுக்கிறது.

தர்க்வீனியாவில் ஒரு கல்வெட்டு. அதன் சாரம்: 'லார்த், அர்ன்த் ப்லேகுவுக்கும் ரம்தா அபத்ருயிக்கும் மகன், இரண்டு முறை ஸிலத் பதவி வகித்தவர், 49 வயதில் இறந்தார்.' ஸிலத் என்பது ஊராட்சித் தலைமைப் பதவி. பாருங்கள், தகப்பன் பெயரும் இருக்கிறது, தாயின் பெயரும் இருக்கிறது. தாய்க்குத் தன் சொந்தப் பெயர் ரம்தா. கூடவே அவள் பிறந்த வீட்டுப் பெயரும். இப்படிப் பெற்றோர் இருவரையும் சொல்லும் கல்வெட்டுகள் ஏராளம். தகப்பன் தெரியாத ஊரில் இப்படியா எழுதுவார்கள்? அதே காலத்து ரோமில் ஒரு பெண்ணுக்குக் குலப்பெயரின் பெண்பால் வடிவம்தான் பெயர். யூலியுஸ் குலத்தில் பிறந்தவர்கள் எல்லாரும் யூலியா. இங்கே ரம்தா, லார்த்தி, தனக்வில், வேலியா என்று ஆளுக்கு ஒரு பெயர்.

ரோமின் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் தம்பதியர் ஈமப்பேழை இருக்கிறது. சுடுமண், கி.மு. 520 வாக்கில், உங்கள் செர்வெத்தேரியில் 1881-இல் சுமார் 400 துண்டுகளாகக் கிடைத்து ஒட்டியது. கணவனும் மனைவியும் ஒரே கட்டிலில் சாய்ந்திருக்கிறார்கள், அவன் கை அவள் தோளில். அவள் விரல்களைப் பாருங்கள், பேச்சின் நடுவில் இருப்பது போல் இருக்கும். ஏதென்ஸில் விருந்துக் கட்டிலில் மனைவிக்கு இடமில்லை. அங்கிருந்து வந்தவர் கண்ணுக்கு இந்தக் காட்சி ஒழுக்கக்கேடாகத் தெரிந்திருக்கிறது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் செயாந்தி ஹனூனியா த்லெஸ்னாஸா, க்யூசிக்கு அருகே 1886-இல் கிடைத்த ஈமப்பேழை. மூடியில் அவர் சுடுமண் உருவம்: கையில் கண்ணாடி, முக்காட்டை ஒதுக்குகிறார், வயது தெரியாத அழகு. உள்ளே எலும்புக்கூடும் இருந்தது. ஆராய்ந்தபோது 50 வயதைத் தாண்டியவர், இளமையில் இடுப்பில் பலத்த அடிபட்டவர், நடக்கச் சிரமப்பட்டிருப்பார் என்று தெரிந்தது. குதிரையிலிருந்து விழுந்திருக்கலாம் என்கிறார்கள். மூடியில் இருப்பவரும் உள்ளே இருந்தவரும் ஒருவர்தான்.


பொருநை மைந்தன்
சனி, காலை 7.45

எத்ருஸ்க மொழியில் அப்பாவுக்கு 'அபா', அம்மாவுக்கு 'அதி' என்று படித்தேன். அப்பா, ஆத்தா! நம் மொழிக்கும் அவர்களுக்கும் உறவு உண்டு என்பதற்கு வேறென்ன வேண்டும்? ஏன் யாரும் பேசுவதில்லை?


கல்வெட்டுக்காரி
சனி, காலை 10.30

உங்கள் ஆர்வம் புரிகிறது. ஆனால் இந்த இரண்டு சொல்லை வைத்துக் கட்ட முடியாது. குழந்தை முதலில் உதட்டைச் சேர்த்துப் பிரித்து எழுப்பும் ஒலிகள் ப, ம. அதைப் பெற்றவர்கள் தங்களைக் கூப்பிடுவதாக எடுத்துக்கொள்கிறார்கள். உறவே இல்லாத மொழிகளிலும் இதே ஒலிகள்தான் வரும். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் தகப்பன்!

மற்ற சொற்களைப் பாருங்கள். மகன் 'க்லன்', மகள் 'செக்', மனைவி 'புயா', ஆண்டு 'அவில்', ஞாயிறு 'உசில்', திங்கள் 'திவ்'. ஒன்றும் நம்மோடு ஒட்டாது. லத்தீனோடும் கிரேக்கத்தோடும்கூட ஒட்டாது. இதற்கு உறவாகத் தெரிவது இரண்டே மொழிகள்: ஏகேயன் கடலில் லெம்னோஸ் தீவில் 1885-இல் கிடைத்த நடுகல்லின் மொழி, ஆல்ப்ஸ் மலைப்பக்கத்து ரேத்திய மொழி.

இன்னொரு தவறான எண்ணமும் பரவியிருக்கிறது: எத்ருஸ்க எழுத்து படிக்க முடியாத மர்மம் என்று. எழுத்து கிரேக்கரிடமிருந்து வாங்கியது, தடையில்லாமல் வாசிக்கலாம். சுமார் 13,000 கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலானவை 'இன்னார் மகன் இன்னார், இத்தனை வயதில் இறந்தார்' என்ற அளவில் நின்றுவிடுகின்றன. ஊரில் உள்ள நடுகல் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் தமிழ் கற்றால் 'காய்ச்சல்' என்ற சொல்லுக்கு எங்கே போவார்? ஒன்று முதல் ஆறு வரை எண்கள் ஒரு ஜோடி தந்தப் பகடையில் எழுத்தால் எழுதியிருக்கிறது. ஆறும் தெரியும், ஆனால் 'ஹுத்', 'சா' இரண்டில் எது நாலு, எது ஆறு என்ற வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை.

நீளமான நூல் ஒன்றே ஒன்று தப்பியது, அதுவும் எப்படித் தப்பியது பாருங்கள். துணியில் எழுதிய சடங்கு நாட்காட்டி. எகிப்தில் யாரோ அதைப் பட்டை பட்டையாகக் கிழித்து ஒரு பெண்ணின் மம்மியைச் சுற்றிவிட்டார்கள். 1848-இல் அலெக்சாந்திரியாவில் அதை வாங்கிய குரோவேசியர் மம்மியைத்தான் வாங்கினார், புத்தகத்தை அல்ல. எழுத்து எத்ருஸ்கம் என்று 1891-இல்தான் கண்டுபிடித்தார்கள். இப்போது ஸாக்ரெப்பில் இருக்கிறது. சுமார் 1,200 சொற்கள் படிக்கக் கிடைக்கின்றன. பயணப்பை பார்த்த கல்லறையில், கட்டிலருகே பெட்டியின்மேல் மடித்த துணி ஒன்று செதுக்கியிருக்கும். அதுவும் இப்படிப்பட்ட துணிப் புத்தகம்தான் என்று பலர் நினைக்கிறார்கள்.


பொருநை மைந்தன்
சனி, காலை 11.10

தெளிவாகச் சொன்னதற்கு நன்றி அம்மா. அப்படியானால் இவர்கள் எங்கிருந்து வந்தவர்கள்?


மண்சட்டி
சனி, மதியம் 12.40

பழைய கிரேக்க வரலாற்றாசிரியர்களில் ஹெரொடோட்டஸ் ஒன்று சொல்கிறார், அலிகர்னாசுஸ் ஊர் தியோனீசியுஸ் இன்னொன்று சொல்கிறார். முன்னவர்: லிதியாவில், அதாவது இன்றைய துருக்கியான அனத்தோலியாவின் மேற்கில், பஞ்சம் வந்து பாதிச் சனம் கப்பலேறி வந்தது. பின்னவர்: இவர்கள் அந்த மண்ணின் பூர்வ குடி, தங்களை ரசென்னா என்று சொல்லிக்கொள்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுச் சண்டை. 2021-இல் 82 பேரின் எலும்பிலிருந்து எடுத்த மரபணுவை ஆராய்ந்து வெளியிட்டார்கள். எத்ருஸ்கர் மரபு பக்கத்து லத்தீன்காரர்களுடையதைப் போலவே இருக்கிறது. சமீபத்தில் அனத்தோலியாவிலிருந்து பெருங்கூட்டம் வந்ததற்கு அடையாளமில்லை. மொழி மட்டும்தான் தனி.


சந்தேகி
சனி, இரவு 8.15

பழைய இடத்துக்கே திரும்புகிறேன். தர்க்வீனியா ஓவியங்களில் கி.மு. 6, 5-ஆம் நூற்றாண்டில் நடனம், குழல், மல்யுத்தம், வேட்டை, மீன்பிடிப்பு, பாறையிலிருந்து கடலில் குதிக்கும் பையன். சிறுத்தைகள் கல்லறையில் விருந்துக்காரர் ஒருவர் கையில் முட்டையைத் தூக்கிக் காட்டுகிறார். கி.மு. 4-ஆம் நூற்றாண்டுக்குள் வந்தால் நீலத்தோல், கழுகு மூக்கு, கையில் சுத்தியல் கொண்ட கருன் என்ற பாதாளப் பேய். பாம்பு பிடித்த தூகுல்கா என்ற இன்னொரு பேய். இடையில் கி.மு. 474-இல் கூமே கடற்போரில் தோல்வி, 396-இல் வேயி ஊர் ரோமிடம் வீழ்ச்சி. நாடு கையை விட்டுப் போகப் போக மனதில் பயம் ஏறிவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.


கல்வெட்டுக்காரி
சனி, இரவு 10.05

பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பேய் வந்ததும் விருந்து நின்றுவிடவில்லையே? கோலினி கல்லறையில் பாதாள உலக அரசன் அயிதாவும் அரசி பெர்சிப்னயும் பக்கத்தில் இருக்க, முன்னோர்கள் விருந்துண்கிறார்கள். தர்க்வீனியாவில் வெல்கா குடும்பக் கல்லறையிலும் அதே காலத்தில் கணவன் மனைவி விருந்துக் கட்டிலில்தான். கருன் யாரையும் அடிப்பதில்லை, வாசலில் நிற்கிறான். அவனோடு வரும் வந்த் சிறகுள்ள பெண், கையில் தீவட்டி. வழி காட்டுகிறவள் அவள். முன்பு போய்ச் சேர்ந்த இடத்தை வரைந்தார்கள், பின்பு வழியையும் சேர்த்து வரைந்தார்கள் என்று நான் படிக்கிறேன். கிரேக்க பாதாளக் கதைகளும் அந்தக் காலத்தில் நிறைய வந்து கலந்தன.


சந்தேகி
சனி, இரவு 10.40

வந்தின் தீவட்டியை நான் அப்படிப் பார்த்ததில்லை. ஆனாலும் கூமே, வேயி இரண்டையும் நான் கைவிடவில்லை.


மண்சட்டி
ஞாயிறு, காலை 6.30

வீடு பற்றி ஒரு விஷயம் விட்டுப்போனது. வித்தெர்போ பக்கம் அக்வாரொஸ்ஸாவில் 1966 முதல் சுவீடன்காரர்கள் தோண்டினார்கள், மன்னர் ஆறாம் குஸ்தாவ் அடோல்ஃபே வந்து குழியில் உட்கார்ந்து வேலை செய்தார். கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் நடுவில் கைவிடப்பட்ட ஊர். இரண்டு மூன்று அறை, முன்னால் திண்ணை போன்ற தாழ்வாரம், வண்ணம் தீட்டிய கூரை ஓடு. கயிரேயின் கல்லறைகளோடு தரைப்படத்தை வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பொலோன்யாவுக்குத் தெற்கே மர்சபொத்தோவில் நேர்கோட்டுத் தெருக்கள், முக்கியத் தெரு 15 மீட்டர் அகலம், ஓரத்தில் கழிவுநீர் வாய்க்கால், வீட்டு முற்றத்தில் கிணறு. ஆக, பயணப்பை கேட்டதற்கு என் பதில்: ஜோடனை அல்ல. வசதியான வீடுதான், ஆனால் வீடு.

சாதாரண வீட்டைப் பற்றி இதைவிட அதிகம் தெரிந்திருக்கும். தெரியாமல் போனதற்கு மனிதர்கள் காரணம். 1840-களில் வுல்சியில் நிலச்சொந்தக்காரர்கள் கல்லறைகளைத் தோண்டியதை ஆங்கிலேயப் பயணி ஜார்ஜ் டென்னிஸ் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். ஓவியம் தீட்டிய கிரேக்கச் சாடி வந்தால் பத்திரமாக எடுப்பார்கள். வெறும் மண்சட்டி, கறுப்புப் பாத்திரம் வந்தால் தரையில் போட்டு மிதித்து உடைப்பார்கள். விலை போகாது என்று. எத்தனை வீட்டு அடுப்பங்கரை அன்று காலடியில் போயிற்று! நான் இந்தப் பெயரை வைத்துக்கொண்டதும் அதைப் படித்த பிறகுதான்.


தறிவீட்டுப் பெண்
ஞாயிறு, காலை 9.20

நம் காலத்திலும் நிற்கவில்லை ஐயா. கிரேக்க ஓவியர் யூப்ரோனியோஸ் வரைந்த, ஒயின் கலக்கும் பெரிய சாடி, செர்வெத்தேரியில் 1971-இல் திருடர்கள் தோண்டியது. அடுத்த வருடமே நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பத்து லட்சம் டாலருக்கு வாங்கியது. 2008-இல்தான் இத்தாலிக்குத் திரும்பியது. இப்போது செர்வெத்தேரி ஊர் அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. சாடி திரும்பிவிட்டது, அதோடு அந்தக் குழியில் என்னென்ன கிடந்தன, யார் எலும்பு கிடந்தது என்பது திரும்பாது.


பயணப்பை
ஞாயிறு, இரவு 11.50

ஐயோ, அந்த அருங்காட்சியகத்தைத் தாண்டித்தான் நடந்து போனேன். உள்ளே போகவில்லை.

என் இரண்டாவது கேள்விக்கு மட்டும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நிஜ அகப்பை ஏன் இல்லை, சுதை அகப்பை ஏன்?


கல்வெட்டுக்காரி
திங்கள், காலை 7.00

நிஜமானதையும் வைத்தார்கள். ஆனால் வைக்கும்போது என்ன செய்தார்கள் என்பதில்தான் உங்கள் பதில் இருக்கிறது. 'சுதினா' என்றொரு சொல். 'கல்லறைக்கு உரியது' என்று பொருள். போல்சேனா ஏரிப் பக்கத்துக் கல்லறைகளில் வெண்கலக் குடம், கிண்ணம், கண்ணாடி என்று பலவற்றில் இந்தச் சொல்லைக் கீறியிருக்கிறார்கள். அந்தக் காலக் கண்ணாடி மெருகிட்ட வெண்கலத் தகடு; பின்பக்கம் சித்திரம், முன்பக்கம் முகம் பார்ப்பது. 'சுதினா' என்பதை முகம் பார்க்கும் பக்கத்தில், நட்டநடுவே, ஆழமாகக் கீறினார்கள். அதற்குப் பிறகு எந்த உயிருள்ள முகமும் அதில் சரியாகத் தெரியாது. மண்சட்டி ஐயா சொன்ன உடைந்த கைப்பிடியும் இதுவும் அறுநூறு ஆண்டு இடைவெளியில் ஒரே செய்கை.

வெல் மதுனாஸ் குடும்பம் அதே வேலையை இன்னொரு வழியில் செய்தது என்று நினைக்கிறேன். சுதை அகப்பையை யாரும் ஆணியிலிருந்து கழற்ற முடியாது. எந்தக் குழம்பிலும் அது முங்காது. சுவரில் செய்த அன்றே அது சுதினா.


பயணப்பை
திங்கள், மாலை 3.40

அக்கா, இதைப் படித்துவிட்டு அடுப்பு பற்றவைக்கப் போகவே கொஞ்ச நேரமாயிற்று.

நாளை ஓர்வியெத்தோ போகிறேன், காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். சமையற்கட்டுச் சுவருக்கு முன்னால் நின்று பெயர்களை நானே எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும் என்று ஆசை. எழுத்து அட்டவணையை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வலமிருந்து இடமாகத்தானே படிக்க வேண்டும்?


கல்வெட்டுக்காரி
திங்கள், மாலை 4.05

ஆமாம் தம்பி, வலமிருந்து இடம். க்லூமியே பர்லியுவில் முதல் எழுத்து 'க', நம் கண்ணுக்குத் திரும்பி நிற்பது போல இருக்கும். சில எழுத்து உதிர்ந்திருக்கும், அவசரப்படாமல் பாருங்கள். வந்து எழுதுங்கள்.